ப்ராசஸரில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது? ஷெட்யூலர்கள் அளக்கும் விதமும், நாம் சரிபார்க்க வேண்டிய விதமும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் என் அப்பா இலைக் கணக்கு எழுதினார். சீசனில் இலை கொட்டும் நாட்களில் கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நிற்கும். "இன்னிக்கு இன்னும் எவ்வளவு இலை எடுக்கலாம்?" என்று மேனேஜர் கேட்பார். கீழே அரைக்கிற இயந்திரத்தின் தகட்டில் மணிக்கு இத்தனை கிலோ என்று பொறித்திருக்கும். அப்பா அதைப் பார்க்கவே மாட்டார். "மேல பாத்துட்டு வந்து சொல்றேன் சார்" என்று மாடிக்குப் போய், இலையை வாட்டும் தொட்டிகளில் எத்தனை காலி, எத்தனை அரைவாட்டலில் இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். பச்சை இலை வாட 12 முதல் 16 மணி நேரம் ஆகும். மழையில் நனைந்த இலை என்றால் இன்னும் கூட. அதனால் அதே தொழிற்சாலை, அதே இயந்திரங்கள், ஆனால் மழை நாளில் எடுக்கக்கூடிய இலை குறைவு.

இப்போது நான் அதே ஊரில், ஒரு மாடி அறையில், கோயம்புத்தூரில் பழையதாக வாங்கிய ஆறு கம்ப்யூட்டர்களை வைத்து வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டாரச் சிறு தோட்டக்காரர்கள் போனில் எடுத்து அனுப்பும் இலைப் படங்களில் கொப்புள நோய் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லும் வேலை. மழைக்காலத்தில் படங்கள் குவியும். ராத்திரி முழுக்க ஓட்டி, காலையில் மருந்து அடிக்கப் போகும் முன்னால் பதில் போக வேண்டும். எந்த இயந்திரத்துக்கு எத்தனை வேலை அனுப்புவது என்பதை ஒரு ஷெட்யூலர் தீர்மானிக்கிறது. அது தகட்டைப் பார்க்கிறதா, தொட்டியைப் பார்க்கிறதா என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது. ஒன்றுக்கு மேற்பட்ட லினக்ஸ் இயந்திரங்களில் வேலையைப் பங்கிட்டு ஓட்டும் யாருக்கும் இது பயன்படும் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

முதலில் தெரிய வேண்டியது: உங்கள் ஷெட்யூலர் எதைப் பார்க்கிறது?

ஷெட்யூலர் என்றால் இயந்திரம் எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்று பார்த்து வேலை அனுப்பும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று அதிகம் பேர் பயன்படுத்தும் இரண்டு ஷெட்யூலர்கள் அப்படிச் செய்வதில்லை. அவை பேரேடு பார்க்கின்றன.

குபர்னெட்டிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு சிபியுவை, அதாவது ப்ராசஸரில் ஒரு வேலையை ஓட்டும் அலகை, ஆயிரம் மில்லியாகப் பிரித்து எண்ணுகிறது. எட்டு சிபியு காட்டும் இயந்திரம் என்றால் 8000 மில்லி. அதிலிருந்து கணினியின் சொந்த வேலைகளுக்கும் குபர்னெட்டிஸின் சொந்த வேலைகளுக்கும் ஒதுக்கச் சொன்னதைக் கழிக்கும். 750 மில்லி ஒதுக்கினால் மிச்சம் 7250. அதுதான் பங்கிடக்கூடிய அளவு. ஒவ்வொரு வேலையும் "எனக்கு 1500 மில்லி வேண்டும்" என்று கேட்டால் நான்கு வேலை ஏறும், 6000 போகும், மீதி 1250. ஐந்தாவது வேலை வெளியே நிற்கும். உள்ளே போன நான்கும் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, ப்ராசஸர் 2 சதவீதம்கூட ஓடாவிட்டாலும் சரி, ஐந்தாவதுக்கு இடம் இல்லை. கேட்ட தொகை மட்டும்தான் கணக்கு. ஓடும் அளவைக் காட்டும் மெட்ரிக்ஸ் சர்வர் தனியாக உண்டு. ஆனால் இயல்பான அமைப்பில், வேலையை எந்த இயந்திரத்தில் வைப்பது என்ற முடிவில் அதற்குப் பங்கு கிடையாது.

ஸ்லர்மும் அதே வகை. இயந்திரத்தில் எத்தனை சாக்கெட் (ப்ராசஸர் செருகும் இடம்), சாக்கெட்டுக்கு எத்தனை கோர் (கணக்குப் போடும் பகுதி), கோருக்கு எத்தனை த்ரெட் (ஒரு கோர் ஒரே நேரத்தில் எடுக்கும் வேலை வரிசை) என்று அமைப்புக் கோப்பில் நாம் எழுதிக் கொடுக்கிறோம். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஓடும் அதன் முகவர் தானும் எண்ணிப் பார்க்கும். எழுதியதைவிடக் குறைவாக இருந்தால், இயல்பான அமைப்பில், அந்த இயந்திரத்தை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கி வைக்கும். லோட் (ஓடும், ஓடக் காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கை) எவ்வளவு என்று திரையில் காட்டும், ஆனால் அதை வைத்து வேலையைப் பங்கிடாது.

இயந்திரத்தைப் பார்ப்பவையும் உண்டு. பழைய கிரிட் எஞ்சின் லோட் ஆவரேஜை ப்ராசஸர் எண்ணிக்கையால் வகுத்து, அது 1.75-ஐத் தாண்டினால் அந்த வரிசைக்குப் புது வேலை அனுப்பாமல் நிறுத்தும். எல்எஸ்எஃப் 15 நொடி, 1 நிமிடம், 15 நிமிடம் என்று மூன்று சராசரிகளை வைத்துக்கொள்ளும். அதோடு ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் ஒரு வேகக் காரணி கொடுத்து, மெதுவான இயந்திரத்தின் லோடை வேகமான இயந்திரத்தின் லோடோடு ஒப்பிடும்படி சரிசெய்யும்.

எச்டிகாண்டாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் என் அப்பா மாடிக்குப் போய்ப் பார்த்ததற்கு மிக அருகில் வருவது அதுதான். 1980களின் கடைசியில் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு சும்மா கிடக்கும் மேசைக் கணினிகளில் வேலை ஓட்டுவதுதான் அதன் முதல் நோக்கம். அதனால் அது இரண்டு கேள்வி கேட்கும். நான் அனுப்பாத வேலையால் வரும் லோட் எவ்வளவு? கீபோர்டை யாராவது தொட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று? மேசைக் கணினிகளுக்கான அதன் வழக்கமான கொள்கையில் அந்த லோட் 0.3-க்குக் கீழும், கீபோர்டு 15 நிமிடம் அமைதியாகவும் இருந்தால்தான் வேலை தொடங்கும். இதற்கு மேலே, இயந்திரம் சும்மா இருக்கும்போது அதில் சிறு சோதனை நிரல்களை ஓட்டி, முழு எண் கணக்கில் அது எவ்வளவு வேகம், தசமக் கணக்கில் எவ்வளவு வேகம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். எண்ணிக்கையை நம்பாமல் ஓட்டிப் பார்த்து அளக்கும் பழக்கம் அது.

உங்களுடையது எந்த வகை என்று தெரிந்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும். பேரேடு வகை என்றால், நீங்கள் எழுதிக் கொடுக்கும் எண் தப்பாக இருந்தால் எல்லாமே தப்பு. மீட்டர் வகை என்றால், மீட்டர் எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் அதை நம்புவது தப்பு.

படி 1: இயந்திரத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

எல்எஸ்சிபியு என்ற கட்டளையை ஓட்டுங்கள். மொத்த சிபியு, சாக்கெட், சாக்கெட்டுக்குக் கோர், கோருக்கு த்ரெட் என்று நான்கு வரி பார்த்தால் போதும். கோருக்கு த்ரெட் 2 என்று இருந்தால் கவனமாக இருங்கள்.

எங்களிடம் உதவிக்கு இருக்கும் தம்பி முதல் வாரத்தில், "அக்கா, எட்டுன்னு காட்டுது, எட்டு வேலை போட்டுட்டேன்" என்றான். எட்டு என்பது உண்மை, ஆனால் அது எட்டு த்ரெட். கோர் நான்குதான். இன்டெல் 2002-இல் ஹைப்பர்த்ரெடிங் கொண்டுவந்ததிலிருந்து ஒரே கோர் தன்னை இரண்டு சிபியுவாகக் காட்டிக்கொள்ள முடிகிறது. உள்ளே கணக்குப் போடும் பகுதிகள் ஒரு செட்தான். ஒரு த்ரெட் மெமரியிலிருந்து ஏதோ வரக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொன்று அந்தப் பகுதிகளைப் பயன்படுத்திக்கொள்ளும். அதனால் லாபம் உண்டு, ஆனால் இரட்டிப்பு கிடையாது. எவ்வளவு லாபம் என்பது வேலையைப் பொறுத்தது. படி 6-இல் அதை அளப்போம்.

ஒரு சிறு எச்சரிக்கை. சிபியு விவரக் கோப்பில் போகோமிப்ஸ் என்று ஒரு எண் வரும். அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் காத்திருப்புச் சுழற்சியைச் சரிப்படுத்த வைத்துக்கொள்ளும் எண். அதை வைத்து இரண்டு இயந்திரங்களின் வேகத்தை ஒப்பிடாதீர்கள்.

படி 2: இருப்பது வேறு, உங்களுக்கு அனுமதித்தது வேறு

என்ப்ராக் என்ற கட்டளை, "இந்த வேலைக்கு எத்தனை சிபியு?" என்று சொல்லும். அது இயந்திரத்தின் மொத்தத்தைச் சொல்வதில்லை, இந்த வேலை எந்தெந்த சிபியுகளில் ஓடலாம் என்று கெர்னல் அனுமதித்திருக்கிறதோ அந்த எண்ணிக்கையைச் சொல்லும். மொத்தம் வேண்டுமென்றால் 'ஆல்' என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். வேறுபட்டால், யாரோ எல்லை போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு எல்லை இருக்கிறது, அதுதான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. சிபியு கோட்டா. சீசனில் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் "இன்று உன் இலை இத்தனை கிலோதான்" என்று கோட்டா வைப்பது போலவே இது. கன்டெய்னர்களை (நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டிகளை) அடக்கி வைக்கும் சிகுரூப் அமைப்பின் இரண்டாம் பதிப்பில் சிபியு மேக்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் இரண்டு எண்கள். "200000 100000" என்றால் ஒவ்வொரு 100 மில்லிநொடிக்கும் 200 மில்லிநொடி சிபியு நேரம் கிடைக்கும், அதாவது இரண்டு சிபியுக்குச் சமம். எண்ணுக்குப் பதில் 'மேக்ஸ்' என்று இருந்தால் கோட்டா இல்லை.

இங்கே என்ன நடக்கும் என்று நெருங்கிப் பாருங்கள். எட்டு சிபியு இயந்திரத்தில் இரண்டு சிபியு கோட்டாவோடு ஒரு கன்டெய்னர். உள்ளே இருக்கும் நிரல் "எத்தனை சிபியு?" என்று கேட்கிறது, எட்டு என்று பதில் வருகிறது. எட்டு த்ரெட்டை, அதாவது தன் வேலையின் எட்டு பங்கை ஒரே நேரத்தில், கிளப்பி விடுகிறது. எட்டும் ஒரே நேரத்தில் ஓடினால் 25 மில்லிநொடியில் 200 மில்லிநொடி கோட்டா தீர்ந்துவிடும். மிச்சம் 75 மில்லிநொடி எல்லாமே அப்படியே உறைந்து நிற்கும். பிறகு அடுத்த சுற்று, மறுபடி 25 ஓட்டம், 75 நிற்றல். வெளியிலிருந்து பார்த்தால் சிபியு பயன்பாடு நிதானமாக 25 சதவீதம், இயந்திரம் முக்கால்வாசி காலி. உள்ளே வேலை விக்கி விக்கி நகரும். எங்கள் படம் பிரிக்கும் நிரல் ஒரு வாரம் இப்படித்தான் ஓடியது. நான் வலைத்தொடர்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. அதே இடத்தில் சிபியு ஸ்டாட் என்ற கோப்பு இருக்கும். எத்தனை முறை நிறுத்தி வைக்கப்பட்டது, மொத்தம் எத்தனை மைக்ரோநொடி என்று அதில் வரும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். எண் விடாமல் ஏறினால் நிரலின் த்ரெட் எண்ணிக்கையைக் கோட்டாவுக்கு ஏற்பக் குறையுங்கள். ஜாவா பத்தாம் பதிப்பிலிருந்தும், கோ மொழி 2025-இல் வந்த 1.25 பதிப்பிலிருந்தும் கோட்டாவைத் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. பைத்தானில் வழக்கமாகக் கேட்கும் சிபியு எண்ணிக்கை இயந்திரத்தின் மொத்தத்தைத்தான் கொடுக்கும். 3.13 பதிப்பில் வந்த புதிய அழைப்பு அனுமதிக்கப்பட்ட சிபியுகளைச் சொல்லும், கோட்டாவைச் சொல்லாது. அதனால் பைத்தான் நிரல்களுக்கு நானே எண்ணைக் கையால் கொடுத்துவிடுகிறேன்.

படி 3: கவுன்டர்களை நீங்களே வாசியுங்கள்

டாப் மாதிரியான கருவிகள் காட்டும் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறையாவது கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ராக் கோப்புறையில் ஸ்டாட் என்ற கோப்பு இருக்கிறது. அதன் முதல் வரியில் சிபியு என்ற சொல்லுக்குப் பிறகு வரிசையாக எண்கள்: பயனர் வேலை, நைஸ் கொடுத்த (முன்னுரிமை குறைத்த) வேலை, கெர்னல் வேலை, சும்மா இருந்தது, டிஸ்க்குக்காகக் காத்தபடி சும்மா இருந்தது, இரண்டு வகை இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு), பிறகு ஸ்டீல், கடைசியில் விருந்தாளி இயந்திரங்களுக்கு (இதன் மேல் ஓடும் மெய்நிகர் இயந்திரங்களுக்கு) போனது இரண்டு. எல்லாம் இயந்திரத்தைத் தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே வரும் எண்கள். பெரும்பாலான இயந்திரங்களில் அலகு நொடியில் நூறில் ஒரு பங்கு. மின்சார மீட்டர் போலத்தான், ஒரு முறை பார்த்தால் பயனில்லை. இரண்டு முறை பார்த்துக் கழிக்க வேண்டும்.

எங்கள் எட்டு த்ரெட் இயந்திரத்தில் பத்து நொடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்தேன். பத்து நொடி, எட்டு சிபியு, நொடிக்கு நூறு என்றால் மொத்தம் 8000 வர வேண்டும். பயனர் 3100, கெர்னல் 240, சும்மா 4400, டிஸ்க் காத்திருப்பு 200, மற்றவை 60. கூட்டினால் சரியாக 8000. ஓடியது 3400, அதாவது 3.4 சிபியு. காலி 4.6 சிபியு.

இந்த 4.6-ஐப் பார்த்து "இன்னும் நாலு வேலை தாராளமாக ஏற்றலாம்" என்று சொல்லத் தோன்றும். கோர் நான்குதான் என்று நினைவில் வையுங்கள். முடிந்தவரை வேலைகளைத் தனித்தனிக் கோர்களில் வைக்கவே லினக்ஸ் பார்க்கும். அப்படியானால் 3.4 கோர் ஏற்கனவே பிடிபட்டுவிட்டது. முழுக் கோராக மிச்சம் 0.6 மட்டும். மீதி நான்கும் ஓடிக்கொண்டிருக்கும் கோர்களின் இரண்டாவது த்ரெட். அங்கே வேலை ஏற்றினால் அது ஓடும், ஆனால் பக்கத்தில் ஓடுவதையும் மெதுவாக்கிக்கொண்டே ஓடும். ப்ராசஸர் 50 சதவீதம் என்று திரை காட்டும்போது உண்மையில் முக்கால்வாசிக்கு மேல் தீர்ந்திருக்கலாம்.

மூன்று இடங்களில் தவறு வரும். விருந்தாளி நேரம் பயனர் நேரத்துக்குள் ஏற்கனவே சேர்ந்திருக்கிறது, மறுபடி கூட்டாதீர்கள். டிஸ்க் காத்திருப்பு என்பது காலி நேரத்தின் ஒரு வகைதான், அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்று கெர்னல் ஆவணங்களே சொல்கின்றன. மூன்றாவது ஸ்டீல். வாடகை மெய்நிகர் இயந்திரத்தில் உங்கள் வேலை தயாராக இருந்தும், அடியில் இருக்கும் உண்மையான ப்ராசஸரை இன்னொருவர் பிடித்திருந்த நேரம் அது. ஸ்டீல் தொடர்ந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் நான் அந்த இயந்திரத்துக்கு ஒரு வேலை குறைத்து எழுதுகிறேன்.

படி 4: லோட் ஆவரேஜை அதன் குணம் அறிந்து பாருங்கள்

மூன்று எண்கள், 1, 5, 15 நிமிடச் சராசரி. கெர்னல் ஐந்து நொடிக்கு ஒருமுறை ஓடும் வேலைகளையும் ஓடத் தயாராக நிற்கும் வேலைகளையும் எண்ணி, பழையதை மெல்லத் தேய்த்துப் புதியதைச் சேர்க்கும். இந்தத் தேய்மானத்தால் அது எப்போதும் பின்தங்கியே வரும். சும்மா இருந்த இயந்திரத்தில் ஒரு வேலையை முழு மூச்சாக ஓட்டினால், ஒரு நிமிடம் கழித்தும் ஒரு நிமிடச் சராசரி 0.63 தான் காட்டும்.

லோடைப் பார்த்து வேலை அனுப்பும் ஷெட்யூலருக்கு இது பெரிய சிக்கல். இயந்திரம் காலி என்று பார்த்து ஒரு வேலை அனுப்பும். அடுத்த நொடியும் லோட் ஏறவில்லை, இன்னொன்று அனுப்பும். இப்படிப் பத்து போன பிறகுதான் லோட் தலைதூக்கும். கிரிட் எஞ்சின் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. வேலை அனுப்பியவுடன் அந்த இயந்திரத்தின் வகுத்த லோடில் 0.50-ஐக் கையால் கூட்டிவிடும், ஏழரை நிமிடத்தில் அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். அதற்குள் உண்மையான லோட் ஏறி வந்துவிடும். நீங்களே ஒரு சிறு ஷெட்யூலர் எழுதுகிறீர்கள் என்றால் இதை மறக்காமல் சேருங்கள்.

லினக்ஸுக்கே உரிய குணம் ஒன்று. 1993-இல் வந்த ஒரு மாற்றத்திலிருந்து, டிஸ்க் போன்றவற்றுக்காகக் குறுக்கிட முடியாத நிலையில் காத்திருக்கும் வேலைகளும் லோடில் சேரும். போன ஆண்டு மழையில் எங்கள் பொதுச் சேமிப்புப் பெட்டிக்குப் போகும் நெட்வொர்க் ஸ்விட்ச் செத்துப்போனது. படங்களை வாசிக்கப் போன 22 வேலைகள் அப்படியே நின்றன. லோட் 22. ப்ராசஸரோ 96 சதவீதம் சும்மா. இலையே உள்ளே வராமல் லாரிகள் மட்டும் கேட்டில் நிற்பதைப் பார்த்து, தொழிற்சாலை நிரம்பி வழிகிறது என்று எழுதி வைத்தது போல.

அதனால் ப்ராசஸரின் நெருக்கடி மட்டும் தெரிய வேண்டுமென்றால், ப்ராக் கோப்புறைக்குள் ப்ரஷர் என்ற பகுதியில் சிபியு என்ற கோப்பைப் பாருங்கள். கெர்னல் 4.20-இல் இருந்து உண்டு, சில டிஸ்ட்ரோக்களில் தொடக்கத்தில் அணைத்து வைத்திருப்பார்கள். "குறைந்தது ஒரு வேலையாவது சிபியு கிடைக்காமல் காத்திருந்த நேரம் எத்தனை சதவீதம்" என்று 10 நொடி, 60 நொடி, 300 நொடிச் சராசரிகளாகச் சொல்லும். நான் ராத்திரி எழுந்தால் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படி 5: எல்லாக் கோரும் ஒன்றல்ல, ஒரே கோர் எப்போதும் ஒன்றல்ல

2021 கடைசியில் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து ஒரே சில்லில் பெரிய கோரும் சிறிய கோரும் சேர்ந்து வருகின்றன. ஐ7-12700-இல் எட்டு பெரிய கோர், நான்கு சிறிய கோர். பெரியதற்கு இரண்டு த்ரெட், சிறியதற்கு ஒன்று, மொத்தம் 20. ஸ்லர்முக்கும் குபர்னெட்டிஸுக்கும் அந்த இருபதும் சமம்.

கெர்னலுக்குச் சமம் இல்லை. போன்களில் பெரிய, சிறிய கோர்கள் கலந்து வந்தபோதே லினக்ஸ் இதற்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டது. இயந்திரத்தில் உள்ள மிகப் பெரிய கோர் அதன் உச்ச வேகத்தில் 1024. மற்றவை அதற்குக் கீழே ஒரு எண். ஆர்ம் இயந்திரங்களில் சிஸ் கோப்புறையில் ஒவ்வொரு சிபியுவுக்கும் சிபியு கெபாசிட்டி என்ற கோப்பில் இதைப் பார்க்கலாம். இந்த எண்ணிலிருந்து நிகழ்நேர வேலைகளும் இன்டரப்டுகளும் தின்னும் பங்கைக் கழித்து, சூட்டால் வேகம் குறைந்திருந்தால் அதையும் கழித்து, சாதாரண வேலைகளுக்கு மிச்சம் எவ்வளவு என்று கெர்னல் கணக்கு வைத்துக்கொள்கிறது. வேலைகள் தின்னும் அளவையும் அதே 1024 அளவுகோலில் குறிக்கும். அண்மையில் ஓடியதற்கு அதிக மதிப்பு, 32 மில்லிநொடிக்கு முன் ஓடியதற்குப் பாதி மதிப்பு, அதற்கும் 32 மில்லிநொடி முன் ஓடியதற்குக் கால் பங்கு என்று. இந்த நுணுக்கமெல்லாம் ஒரு இயந்திரத்துக்குள்ளே நடப்பது. பல இயந்திரங்களுக்குப் பங்கிடும் ஷெட்யூலர் இதைக் கேட்பதே இல்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சூடு. கோத்தகிரிக் குளிரில் இதற்கு என்ன கவலை என்று நான் இருந்தேன். எங்கள் மூன்றாவது இயந்திரம் மற்றவற்றைப் போலவேதான், ஆனால் 40 நொடி வேலைக்கு 58 நொடி எடுத்தது. சிஸ் கோப்புறையில் ஒவ்வொரு சிபியுவின் கீழும் தெர்மல் த்ராட்டில் என்ற பகுதியில், சூட்டால் எத்தனை முறை வேகம் குறைக்கப்பட்டது என்று ஒரு எண் இருக்கும். மற்ற இயந்திரங்களில் பூஜ்யம், இதில் ஆயிரக்கணக்கில். பெட்டியைத் திறந்தால், மூடுபனி ஈரத்தில் தூசி ஊறி, ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளி போலப் படிந்திருந்தது. விசிறியின் காற்று அதைத் தாண்டவே இல்லை. பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, புதிதாகப் பேஸ்ட் வைத்து மூடினோம். 41 நொடிக்கு வந்துவிட்டது. இந்த ஊரில் இயந்திரம் வைத்திருப்பவர்கள் மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். லேப்டாப்பையும் வேலைக்குச் சேர்த்திருந்தால், கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும்போது அதன் வேகம் இறங்கக்கூடும். அப்போது அதற்கு வேலை அனுப்பாதபடி வையுங்கள்.

படி 6: உங்கள் வேலையை வைத்தே அளந்து பாருங்கள்

முக்கியமான படி இதுதான். நேரம் இல்லாதவர்கள் முதல் இரண்டு படியையும் இதையும் செய்தால்கூடப் போதும்.

நீங்கள் தினமும் ஓட்டும் வேலையில் நடுத்தரமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் 50 இலைப் படம் கொண்ட ஒரு கட்டை எடுத்தேன். இயந்திரத்தில் வேறு எதுவும் ஓடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது டிஸ்க்கிலிருந்து படங்களை மெமரிக்குக் கொண்டுவரவே சரியாக இருக்கும். பிறகு ஒரே நேரத்தில் ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் ஒரு கட்டுக்கு எத்தனை நொடி என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் குறைந்தது பத்து நிமிடம் ஓட்டுங்கள். குளிர்ந்த இயந்திரம் முதல் நிமிடங்களில் உச்ச வேகத்தில் ஓடிக் காட்டும், அதை நம்பி ராத்திரிக் கணக்குப் போடக் கூடாது.

நான்கு கோர், எட்டு த்ரெட் இயந்திரத்தில் எனக்கு வந்தது இது. தனியாக ஓட்டினால் 40 நொடி, மணிக்கு 90 கட்டு. நான்கு ஒன்றாக ஓட்டினால் 43 நொடி, மணிக்கு 335. ஆறு என்றால் 56 நொடி, மணிக்கு 386. எட்டு என்றால் 70 நொடி, மணிக்கு 411. பத்து என்றால் 89 நொடி, மணிக்கு 404.

நான்கிலிருந்து எட்டுக்குப் போனதில் கிடைத்த லாபம் 23 சதவீதம்தான், ஆனால் ஒவ்வொரு கட்டும் 43 நொடியிலிருந்து 70 நொடிக்குப் போய்விட்டது. எட்டைத் தாண்டினால் நஷ்டம். உச்சத்தில் கிடைத்த 411-ஐ தனி ஓட்டத்தின் 90-ஆல் வகுத்தால் 4.6 வரும். எல்எஸ்சிபியு எட்டு என்று சொன்ன இயந்திரம், என் வேலைக்கு நாலரைக் கோர் சொச்சம். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி இயந்திரத்தின் மேலேயே ஒட்டி வைத்தேன்.

உங்களுக்கு வேறு எண் வரும், வர வேண்டும். மெமரியை அதிகம் புரட்டும் வேலை என்றால் மூன்றாவது வேலையிலேயே நொடிகள் ஏறத் தொடங்கலாம். அங்கே இடுக்கு ப்ராசஸர் அல்ல, மெமரிக்குப் போகும் பாதை. தொழிற்சாலையில் கீழே அரைக்கும் இயந்திரம் சும்மா இருக்க, மாடியில் தொட்டிகள் நிரம்பியிருந்ததும் இதே கதைதான். மெமரியின் அளவு போதாமல், டிஸ்க்கை மெமரி போலப் பயன்படுத்தும் ஸ்வாப்புக்குப் போனால் இந்தக் கணக்கு எதுவுமே நிற்காது, அதை முதலில் சரிசெய்யுங்கள்.

படி 7: அளந்ததை ஷெட்யூலரிடம் சொல்லுங்கள்

எந்த எண்ணைச் சொல்வது என்பது வேலை எப்போது முடிய வேண்டும் என்பதைப் பொறுத்தது. மொத்தமாக விடிவதற்குள் முடிந்தால் போதும் என்றால் எட்டு சரி. பகலில் தோட்டக்காரர் ஒருவர் இரண்டு படம் அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார் என்றால் நான்குக்கு மேல் போகக் கூடாது. நான் பகலுக்கு நான்கு, ராத்திரிக்கு ஆறு என்று வைத்திருக்கிறேன். எட்டு வைத்தால் மணிக்கு 25 கட்டு கூடக் கிடைக்கும்தான். ஆனால் ராத்திரியில் பேக்கப்பும் ஓட வேண்டும், ஏதாவது தப்பினால் உள்ளே நுழைந்து பார்க்கவும் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும்.

ஸ்லர்ம் என்றால் வேலைகளைக் கோர் கணக்கில் ஒதுக்கச் சொல்லலாம், கணினியின் சொந்த வேலைக்கு ஒரு கோரைத் தனியாக எடுத்து வைக்கவும் சொல்லலாம். எச்டிகாண்டாரில் ஹைப்பர்த்ரெடை எண்ணாதே என்று ஒரு வரி போடலாம், அல்லது சிபியு எண்ணிக்கையை நாமே எழுதிவிடலாம். குபர்னெட்டிஸில் இயந்திரத்தின் எண்ணை மாற்றுவதைவிட வேலை கேட்கும் தொகையை மாற்றுவதுதான் சரியான வழி. 7250 மில்லி பங்கிடலாம், ஆறு வேலைதான் ஏற வேண்டும் என்றால், ஒவ்வொன்றும் 1200 கேட்கட்டும். ஆறுக்கு 7200 போய்விடும், ஏழாவது ஏறாது. ஆனால் கேட்கும் தொகையோடு கோட்டா எல்லையையும் அதே 1200-இல் வைத்துவிடாதீர்கள். வைத்தால் படி 2-இல் சொன்ன விக்கல் வந்து சேரும். எங்கள் இயந்திரங்களில் ஓடுவது எங்கள் வேலை மட்டும் என்பதால் எல்லையே வைக்கவில்லை. பலர் பங்கிடும் இடமாக இருந்தால் எல்லை வேண்டும், அப்போது கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

பிறகு மூன்று நாள் பாருங்கள். சிபியு ப்ரஷர், நிறுத்தி வைத்த எண்ணிக்கை, ஒரு கட்டுக்கு ஆகும் நொடி, இந்த மூன்றையும் காலையில் ஒரு நோட்டில் எழுதுங்கள். சீட்டில் உள்ள நொடியைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். கெர்னலைப் புதுப்பித்தாலும், நிரலின் புதுப் பதிப்பு வந்தாலும், பெட்டியைத் திறந்து எதையாவது மாற்றினாலும் படி 6-ஐ மறுபடி செய்யுங்கள்.

போன வாரம் ஐந்தாவது இயந்திரத்தில் தம்பி இரண்டாவது மெமரித் துண்டு ஒன்றைச் சேர்த்தான். அதுவரை ஒற்றைத் துண்டோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஆனதும் மெமரிக்கு இரண்டு பாதை திறந்துவிட்டது. அன்று ராத்திரியே எட்டு வேலை ஏற்றிப் பார்த்தோம். 70 நொடி 61 ஆனது, மணிக்கு 472 கட்டு. "அக்கா, ப்ராசஸரை நாம தொடவே இல்லையே" என்றான். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, 5.2 என்று அவனையே எழுதி ஒட்டச் சொன்னேன்.